முட்டை எடுப்பதற்கு முன் அல்புமின் பார்த்தால் ஓஹெச்எஸ்எஸ் வருமா என்று தெரிந்துவிடுமா?

தாமரை_நர்ஸ்

வணக்கம். ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) பிரிவில் ட்ரிகர் ஊசி (கருமுட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி) போட்டு வீட்டுக்கு அனுப்பும் பெண்களைப் போனில் விசாரிக்க ஒரு தாள் தயார் செய்கிறேன். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஓஹெச்எஸ்எஸ் சிக்கலை முன்கூட்டியே பிடிப்பதுதான் நோக்கம். அல்புமின் முதலான ரத்தப் புரதங்கள் பற்றி நாலு சந்தேகம்.

ட்ரிகருக்கு முன் அல்புமின் பார்த்து, குறைவாக இருப்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாமா? முட்டை எடுக்கும் நாளில் அல்புமின் பாட்டில் ஏற்றினால் தடுக்க முடியுமா? "தினமும் பத்து முட்டையின் வெள்ளைக்கரு, மூன்று இளநீர்" என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அது எவ்வளவு சரி? பரிசோதனைப் பேக்கேஜில் ரத்தக்கட்டியைக் கண்டறியப் பார்க்கும் டி-டைமரையும் சேர்க்க வேண்டுமா?

பேச வசதியாக ஒரு மாதிரி நோயாளியை வைத்துக்கொள்வோம். வயது 27, எடை 58 கிலோ, சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருக்கிறது. சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் 8.2 நானோகிராம்/மிலி, இரண்டு பக்கமும் சேர்த்து ஆன்ட்ரல் ஃபாலிகிள் (ஸ்கேனில் தெரியும் சிறு முட்டைப் பைகள்) 32. முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்கும் ஆன்டகனிஸ்ட் முறையில் ஊசி போடப் போகிறார்கள். அல்புமின் 4.1, ஹீமோகுளோபின் 10.2, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 31.

இளவேனில்_ஓஜி

சிஸ்டர், முதல் கேள்விக்குப் பதில்: பயன் இல்லை. ட்ரிகருக்கு முன் எடுக்கும் அல்புமின் எதையும் முன்கூட்டிச் சொல்லாது. காரணம், இந்த நோயில் அல்புமின் குறைவது தொடக்கம் அல்ல, பின்விளைவு.

நடப்பது இதுதான். தூண்டப்பட்ட சினைப்பையில் ட்ரிகர் ஊசியின் ஹெச்சிஜி ஹார்மோன் போய்ச் சேர்ந்ததும் ஃபாலிகிள்களின் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தை ஏராளமாகச் சுரக்கின்றன. அது நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகிறது. சாதாரணமாகக் குழாய்க்குள்ளேயே நிற்க வேண்டிய அல்புமின் வயிற்றுக்குள்ளும், சில நேரம் நுரையீரல் உறைக்குள்ளும் கசிகிறது. தண்ணீரும் பின்னாலேயே போகிறது. வயிறு வீங்குகிறது, குழாய்க்குள் இருக்கும் ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீர் குறைகிறது. ட்ரிகருக்கு முன் 4.1 இருந்தவருக்கு ஒரு வாரத்தில் 2.6 ஆகலாம். 3.6 இருந்தவருக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

அப்படியானால் விஇஜிஎஃப்-ஐயே ரத்தத்தில் அளக்கலாமே என்று தோன்றும். அதுவும் கைகொடுக்காது. ரத்தம் டியூபில் உறையும்போது தட்டணுக்களே விஇஜிஎஃப்-ஐ வெளியேற்றிவிடும், அதனால் சீரத்தில் வரும் எண் பெருகிவிடும். ரத்தத்தில் ஓடும் விஇஜிஎஃப்-இல் ஒரு பங்கை ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலினும் கரையும் ரிசெப்டர்களும் பிடித்து வைத்திருக்கும். மொத்த அளவு அதிகமாக இருந்தாலும் வேலை செய்யக்கூடியது எவ்வளவு என்று தெரியாது.

முன்கூட்டிச் சொல்லும் புரதம் ஒன்று உண்டு, அது ஏஎம்ஹெச். 3.4-க்கு மேல் என்றாலே கவனம் தேவை. ஆன்ட்ரல் ஃபாலிகிள் 24-க்கு மேல், ட்ரிகர் நாளில் எஸ்ட்ராடயால் (எஸ்ட்ரோஜன் ஹார்மோன்) 3500 பிகோகிராம்/மிலி-க்கு மேல், வளர்ந்த ஃபாலிகிள் 25 அல்லது அதற்கு மேல், எடுத்த முட்டை 24 அல்லது அதற்கு மேல் ஆகியவையும் ஆபத்தைக் காட்டும். உங்கள் மாதிரி நோயாளி சிகிச்சை தொடங்கும் முன்பே ஏஎம்ஹெச், ஆன்ட்ரல் ஃபாலிகிள் என்ற இரண்டு எல்லையையும் தாண்டிவிட்டார். அவருக்கு எச்சரிக்கை ஏஎம்ஹெச்சில் இருக்கிறது. 4.1 அல்புமினைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

இப்படிப்பட்டவருக்கு நோயைத் தடுக்கும் கணம் ட்ரிகர்தான். ஆன்டகனிஸ்ட் முறையில் இருப்பதால் ஹெச்சிஜிக்குப் பதில் ட்ரிப்டோரெலின் 0.2 மி.கி. போடலாம். அது பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்ஹெச் ஹார்மோனை வெளியேற்றும். எல்ஹெச்சின் அரை ஆயுள் ஒரு மணி நேரம் போல, ஹெச்சிஜிக்கு ஒரு நாளுக்கும் மேல். முட்டையை முதிர வைத்துவிட்டு எல்ஹெச் சீக்கிரம் மறைந்துவிடும், ஹெச்சிஜி நின்று அடிக்கும். கூடவே எல்லாக் கருவையும் உறைய வைத்துவிட வேண்டும். காபர்கோலின் 0.5 மி.கி. தினம் ஒன்று, ட்ரிகர் அன்றே தொடங்கி எட்டு நாள் வரை. அது விஇஜிஎஃப் ரிசெப்டர் வேலை செய்வதைத் தணிக்கும்.

இதில் தவறும் இடங்களும் உண்டு. ஹைபோதாலமஸ் குறைபாடு உள்ளவர், நெடுநாள் கருத்தடை மாத்திரையில் இருந்தவர் போன்றவர்களுக்கு இந்த ட்ரிகர் சரியாக ஏறாது. 12 மணி நேரம் கழித்து எல்ஹெச் பார்த்து 15-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். இன்னொன்று, முட்டை எடுக்கும் நாளில் "சப்போர்ட்டுக்கு" என்று 1500 யூனிட் ஹெச்சிஜி சேர்ப்பார்கள். நிறைய ஃபாலிகிள் உள்ளவருக்கு அது, மூடிய கதவை மறுபடி திறந்துவிடும். புரோஜெஸ்டரோன் போதும்.

குமரி_பயோகெமிஸ்ட்

டாக்டர் ஏஎம்ஹெச்சை முன்னால் வைத்துவிட்டார், அதனால் ஒரு எச்சரிக்கை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஏராளம், நீர்க்கட்டி உள்ளவர்களில் இன்னும் அதிகம். கடையில் கிடைப்பது 5, 10 மி.கி. அளவு. உடலின் அன்றாடத் தேவை 30 மைக்ரோகிராம்தான்.

சில ஆய்வுக் கருவிகள் ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை வைத்தே வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால், சாண்ட்விச் முறையில் அளக்கும் ஏஎம்ஹெச்சும் ஹெச்சிஜியும் பொய்யாகக் குறைந்து வரும். போட்டி முறையில் அளக்கும் எஸ்ட்ராடயால் பொய்யாகக் கூடி வரும். உண்மையில் 8 இருப்பவருக்கு 3 என்று ரிப்போர்ட் வந்தால் என்ன ஆகும்? டாக்டர் அதைப் பார்த்துச் சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஊசியின் டோஸைக் கூட்டுவார். ஓஹெச்எஸ்எஸ்ஸுக்கு நாமே வழி அமைத்துக் கொடுத்த மாதிரி. புதிய ரீஏஜென்ட்கள் பயோட்டினை ஓரளவு தாங்கும், ஆனால் உங்கள் லேபில் எது ஓடுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "முடிக்கு, நகத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?" என்று இதே வார்த்தையில் கேட்க வேண்டும். பயோட்டின் என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் எடுத்தால் போதும். ஏஎம்ஹெச் எண்ணும் ஸ்கேனில் தெரியும் ஃபாலிகிள் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் ஸ்கேனை நம்புங்கள். கருத்தடை மாத்திரையும் ஏஎம்ஹெச்சைக் குறைக்கும், அது இயந்திரப் பிழை அல்ல, உண்மைக் குறைவு.

அடுத்தது அல்புமின். நோயைக் கண்காணிக்க அதைப் பார்க்கும்போது மூன்று விஷயம். பெரும்பாலான லேப்களில் ஓடும் பிசிஜி சாயம் மற்ற குளோபுலின்களோடும் சேரும், அதனால் அல்புமின் குறைந்தவரிடம் எண்ணைக் கூட்டிக் காட்டும். பிசிபி சாயம் இன்னும் துல்லியம். 3.2 என்று வந்தது உண்மையில் 2.8 ஆக இருக்கலாம், ஆகவே ஒரே நோயாளிக்கு லேபை மாற்றாதீர்கள். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தாலும், நெடுநேரம் நின்றிருந்தவரிடம் வந்த உடனே எடுத்தாலும் அல்புமின் கூடும். ட்ரிப்ஸ் ஓடும் கையில் எடுத்தால் எல்லாமே நீர்த்துப் போகும். அல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்துதான் வரும், அதைப் பார்த்துப் பதறிக் கால்சியம் ஊசி போடத் தேவையில்லை. 4-இலிருந்து அல்புமின் எவ்வளவு குறைவோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்டிப் பாருங்கள்.

முக்கியமானது பிசிவி. சிஸ்டர் கொடுத்த உதாரணத்தில் அது 31. நம் ஊரில் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள், ஆகவே இது வெறும் உதாரணம் இல்லை, தினமும் வருவது. புத்தகத்தில் "பிசிவி 45-ஐத் தாண்டினால் தீவிரம்" என்று இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு 38 வந்தால் லேப் ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறிகூட விழாது, நார்மல்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவப்பணு மாறவில்லை என்று வைத்தால் பிளாஸ்மாவின் அளவு (100 - பிசிவி) ÷ பிசிவி என்ற விகிதத்தில் இருக்கும். 31-இல் அது 69 ÷ 31 = 2.23. 38-இல் 62 ÷ 38 = 1.63. பிளாஸ்மாவில் 27% குழாயை விட்டுப் போய்விட்டது. 41-இலிருந்து 45-க்கு ஏறியவர் இழந்ததோ 15% மட்டும். நார்மல் என்று ரிப்போர்ட் வந்தவர்தான் இரண்டு பேரில் மோசமாக இருக்கிறார்.

தூண்டல் ஊசி தொடங்கும் நாளின் பிசிவியைத் தாளின் மேல் மூலையில் பெரிதாக எழுதிவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒப்பிடுங்கள்.

தாமரை_நர்ஸ்

மிக்க நன்றி மேடம். பிசிவி கணக்கைத் தாளில் சேர்த்துவிட்டேன். வயிறு உப்பியிருக்கிறது, ஆனால் பிசிவி ஏறாமல் இறங்குகிறது என்றால்?

வெள்ளைக்கரு, இளநீர், அல்புமின் பாட்டில் பாக்கி இருக்கின்றன. வீட்டில் மாமியார், அம்மா எல்லோரும் முதலில் கேட்பது "என்ன கொடுக்கலாம்?" என்பதுதான்.

இளவேனில்_ஓஜி

பிசிவி இறங்கினால், அதுவும் முட்டை எடுத்த முதல் நாளிலேயே என்றால், வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்று நினைத்துச் செயல்படுங்கள். போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வரச் சொல்லுங்கள். வேகமான நாடித்துடிப்பு, தோள் வலி, மயக்கம் இருந்தால் இன்னும் அவசரம். திடீரென ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி, வாந்தி என்றால் பெரிதான சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்கும் காத்திருக்கக் கூடாது.

உணவியல்_மீனா

வெள்ளைக்கருவைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் 3.6 கிராம் போலப் புரதம், பத்துக்கு 36 கிராம். நல்ல உணவுதான். ஆனால் அதைச் சாப்பிட்டால் ரத்த அல்புமின் ஏறிவிடும் என்பது தவறு. வயிற்றில் அது அமினோ அமிலமாக உடைகிறது. கல்லீரல் ஒரு நாளைக்குச் செய்வது 10 முதல் 15 கிராம் அல்புமின், எவ்வளவு சாப்பிட்டாலும் அந்த வேகம் ஒரே நாளில் இரட்டிப்பாகாது. கசிவு நிற்காதவரை செய்ததும் வெளியேதான் போகும். வாந்தி வரும் பெண்ணைக் கட்டாயப்படுத்திப் பத்து முட்டை சாப்பிட வைப்பது வேதனை. இரண்டு மூன்று முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று சிறு சிறு வேளையாகப் பிடித்ததைச் சாப்பிடட்டும். 58 கிலோ எடைக்கு நாளுக்கு 50, 60 கிராம் புரதம் கிடைத்தால் போதும்.

இளநீர் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. லேசான உப்புசம் இருப்பவர் ஒன்று குடித்தால் தொந்தரவு இல்லை. நோய் தீவிரமாகும்போது சோடியம் 135-க்குக் கீழே இறங்கும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் பொட்டாசியம் 5-ஐத் தாண்டும். இளநீரில் 100 மிலி-க்கு 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம், அதாவது லிட்டருக்கு 50 முதல் 65 மில்லிமோல். ஓஆர்எஸ் கரைசலில் 20 மட்டுமே, சோடியமோ 75. சிறுநீர் குறைந்த பெண்ணுக்கு நாளுக்கு மூன்று இளநீர் கொடுத்தால், கூடக் கூடாததைக் கூட்டி, தேவையானதைக் குறைவாகக் கொடுக்கிறோம். வெறும் தண்ணீரை நாலு லிட்டர் குடிக்க வைப்பதும் தவறு, சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். தாகத்துக்குக் குடிக்கட்டும். ஓஆர்எஸ், உப்புப் போட்ட மோர், கஞ்சி எல்லாம் சரி. மாமியாரிடம் "இளநீர் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மனம் ஒப்பாது. "அதற்குப் பதில் உப்பு மோர் கொடுங்கள்" என்று சொல்லுங்கள், கேட்பார்கள்.

ஐசியூ_வாசல்

அல்புமின் பாட்டில். 20% கரைசல் 100 மிலி-இல் 20 கிராம் இருக்கும். தடுப்புக்காக முட்டை எடுக்கும் நாளில் ஏற்றும் பழக்கம் 1990-களில் பரவியது. பிறகு ஸ்பெயினில் ஆபத்து அதிகமுள்ள ஆயிரம் பேர் அளவில் செய்த சீரற்ற ஒப்பீட்டு ஆய்வு 2003-இல் வெளிவந்தது. 40 கிராம் ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. விலையோ அதிகம், ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருள், ஒவ்வாமையும் வரலாம். தடுப்புக்கு இதைக் கேட்டு வாங்கும் குடும்பங்களிடம் பொறுமையாக விளக்க வேண்டும்.

நோய் வந்த பிறகு அதற்கு இடம் உண்டு. சலைன் கொடுத்தும் பிசிவி இறங்கவில்லை, சிறுநீர் வரவில்லை என்றால் 50 முதல் 100 கிராம் வரை நாலு மணி நேரத்தில் ஏற்றி, பலனைப் பார்த்து மறுபடி கொடுக்கலாம். இலக்கு ரிப்போர்ட்டில் 3.5 வரவைப்பது அல்ல. சிறுநீர் மணிக்கு 30 மிலி-க்கு மேல் வருகிறதா, பிசிவி இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. குழாய்ச்சுவர் கசியும்போது ஏற்றிய அல்புமினும் வயிற்றுக்குத்தான் போகும். வயிறு இறுகி மூச்சு முட்டினால் ஸ்கேன் பார்த்து நீரை எடுத்துவிடுவது பாட்டிலைவிட உடனடியாக உதவும். அழுத்தம் குறைந்ததும் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓடி, சில மணி நேரத்தில் சிறுநீர் தானாக வரும். நிறைய லிட்டர் எடுத்தால் அப்போது அல்புமின் ஈடு செய்யலாம்.

சிறுநீர் வரவில்லை என்று, சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசிமைடு போடுவதுதான் நான் பார்க்கும் தவறுகளில் மிகக் கெட்டது. குழாய்க்குள் ஏற்கெனவே தண்ணீர் இல்லை. இருப்பதையும் வெளியேற்றினால் ரத்தம் இன்னும் கெட்டியாகி உறையும். வலிக்கு டைக்ளோஃபெனாக் வகைகளும் வேண்டாம், சிறுநீரகம் தாங்காது. பாராசிட்டமால் கொடுங்கள்.

ரத்தம் உறையும் பேச்சு வந்ததால் டி-டைமர். பேக்கேஜில் சேர்க்காதீர்கள். எஸ்ட்ரோஜன் ஏறியிருக்கும்போதும் கர்ப்பத்திலும் அது தானாகவே கூடும், எல்லோருக்கும் சிவப்பு எழுத்தில் வந்து பயமுறுத்தும். உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் எஸ் பரிசோதனையும் இந்த வாரங்களில் வேண்டாம், இயல்பாகவே குறைந்திருக்கும், பிறவிக் குறைபாடு என்று தப்பாக முத்திரை குத்திவிடுவார்கள். அல்புமினோடு, உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினும் வயிற்று நீரில் போய்விடுகிறது, ரத்தமும் கெட்டி, எஸ்ட்ரோஜனும் அதிகம். அதனால் தீவிர நோயில் அட்மிட் ஆனவருக்கு டி-டைமரைப் பார்க்காமலே, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரின் 40 மி.கி. தினம் ஒரு ஊசி. எடை மிக அதிகமானால் டோஸ் மாறும். கர்ப்பம் உறுதியானால் முதல் மூன்று மாதம் முடியும்வரை தொடர்வது நல்லது.

தாளில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்: இந்த நோயில் ரத்தக்கட்டி காலைவிடக் கழுத்திலும் கையிலும்தான் அதிகம் வரும். வயிறு வற்றி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகு, வாரங்கள் கழித்தும் வரும். ஒரு பக்கக் கழுத்து வலியைத் "தலையணை சரியில்லை" என்று விட்டுவிடுவார்கள். கழுத்து வலி, கழுத்து அல்லது கை வீக்கம் எது இருந்தாலும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும்; புதிய தலைவலி, பேச்சுக் குழறல் என்றால் உடனே அவசரச் சிகிச்சைக்கு வர வேண்டும்.

இளவேனில்_ஓஜி

உறைய வைத்த கருவைப் பிறகு வைக்கும்போது ஒரு விஷயம், இதுவும் புரதக் கதைதான். மாத்திரை கொடுத்தே கர்ப்பப்பையைத் தயார் செய்யும் சுழற்சியில் கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் உருவாகும் சுரப்பி) உருவாகாது. அது சுரக்கும் ரிலாக்சின் முதலான புரதங்களும் இராது. இந்தப் பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. நீர்க்கட்டி உள்ளவருக்கு லெட்ரோசோல் கொடுத்து முட்டை வெளியேற வைத்துக் கருவை வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. மற்ற ஆபத்துகளும் சேர்ந்திருந்தால் 12-ஆம் வாரத்தை ஒட்டி இரவில் ஆஸ்பிரின் 150 மி.கி. தொடங்கலாம். பிற்பாடு சந்தேகம் வந்தால் எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் என்ற நஞ்சுக்கொடிப் புரதங்களின் விகிதம் 38-க்குள் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் தலைதூக்காது என்று ஓரளவு நம்பலாம்.

தாமரை_நர்ஸ்

எல்லோருக்கும் நன்றி. முட்டை எடுத்த மறுநாள், பிறகு 3, 5, 7-ஆம் நாள் கூப்பிடுவதாக எழுதியிருக்கிறேன். ஏழாம் நாளோடு முடித்துக்கொள்ளலாமா? போனில் என்ன கேட்பது?

இளவேனில்_ஓஜி

கருவை உறைய வைத்தவருக்கு ஏழாம் நாளோடு நிறுத்தலாம், தொந்தரவு இல்லாத பட்சத்தில். அகோனிஸ்ட் ட்ரிகர் (ட்ரிப்டோரெலின்) போட்டவருக்கும் அரிதாகத் தீவிர நோய் வந்திருக்கிறது, ஆகவே அவர்களை அறவே விட்டுவிடாதீர்கள். அந்தச் சுழற்சியிலேயே கரு வைத்தவருக்கு நிறுத்தக் கூடாது. கரு தங்கினால் அது சுரக்கும் ஹெச்சிஜி சினைப்பையை மறுபடி தூண்டும். ட்ரிகருக்குப் பத்து நாள் கழித்து வரும் இந்த இரண்டாம் அலைதான் பெரும்பாலும் கடுமையாகவும் நீண்டும் இருக்கும். பீட்டா ஹெச்சிஜி பாசிட்டிவ் வந்த அன்றே "வயிறு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள், அதன் பிறகு இரண்டு வாரமாவது தொடருங்கள்.

போனில் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். எண்ணாகக் கேளுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் எத்தனை கிலோ? நேற்றைவிட ஒரு கிலோ கூடியிருந்தால் அன்றே வர வேண்டும். தொப்புளுக்கு நேராக டேப்பில் எத்தனை சென்டிமீட்டர்? நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை எத்தனை தடவை சிறுநீர், என்ன நிறம்? சந்தேகம் என்றால் அளவு போட்ட ஜக்கில் பிடிக்கச் சொல்லுங்கள், நாளுக்கு 300 மிலி-க்குக் கீழே போனால் தீவிர நோய். மல்லாந்து படுக்க முடிகிறதா, தலையணை கூட்டி வைத்துப் படுக்கிறாரா? குடித்தது வயிற்றில் தங்குகிறதா? கழுத்து வலி?

இரவு பத்து மணிக்கு மூச்சு முட்டினால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், அங்கே யார் எடுப்பார் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். அடிப்படைப் பிசிவியும் அதிலேயே இருக்கட்டும். அவர் வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கிருக்கும் டாக்டர் 38-ஐ நார்மல் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.